எலைசா எண்கள் ஒத்துப்போகவில்லையா? அறிகுறி பார்த்து டைல்யூஷனைச் சரிசெய்யும் வழி

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், எங்கள் ஆய்வகத்தில் பயிற்சிக்கு வந்திருந்த பாலிடெக்னிக் மாணவர் எலைசா பிளேட்டைக் கையில் ஏந்தியபடி என் மேசைப் பக்கம் வந்து நின்றார். "அக்கா, சாம்பிள் வரிசை எல்லாமே ஒரே மாதிரி இருக்கு. எதுவும் பிரிஞ்சு தெரியல." எலைசா என்பது, சின்னக் குழிகளில் பூசிய ஆன்டிபாடியால் ஒரு புரதத்தைப் பிடித்து, எழும் நிறத்தின் அடர்த்தியை வைத்து அதன் அளவைச் சொல்லும் சோதனை. நிறம் எழுப்பும் டிஎம்பி கரைசலை ஊற்றி இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. அளவு தெரிந்த புரதம் போட்ட ஸ்டாண்டர்டு வரிசை மட்டும் மேலிருந்து கீழே படிப்படியாக வெளிறி இறங்கியது. மற்ற குழிகள் அத்தனையும் சொல்லிவைத்தாற்போல் ஒரே அடர் நீலம்.

அவர் தவறாக எதுவும் செய்யவில்லை. கிட்டோடு வந்த தாளில் 1:100 (நூறு பங்கில் ஒரு பங்கு சீரம்) என்று இருந்தது, 1:100 போட்டார். அந்தத் தாளை எழுதியவர் மனதில் இருந்தது ஆரோக்கியமானவரின் சீரம். நம் குழாய்களில் இருந்ததோ காய்ச்சலோடு படுத்திருந்தவர்களின் சீரம். சிங்கப்பூரில் பயோபோலிஸ் ஆய்வு வளாகப் பக்கமும் பல்கலைக்கழகங்களிலும் எலைசா செய்யும் நம் தமிழ்ப் பிள்ளைகள் பலர் என்னிடம் கொண்டுவரும் சிக்கல்களில் பெரும்பாதி இங்கேதான் தொடங்குகிறது. அதனால் கண்ணுக்கும் கணினித் திரைக்கும் தெரிகிற அறிகுறி ஒவ்வொன்றையும் எடுத்து, அங்கிருந்து என்ன செய்யலாம் என்று எழுதுகிறேன். நீர்த்தல் என்று பாடப்புத்தகத்தில் வரும் சொல்லை யாரும் மேசையில் சொல்வதில்லை. நானும் டைல்யூஷன் என்றே எழுதுகிறேன்.

அறிகுறிகளுக்குள் போகும்முன் ஒரே ஒரு விதி

ஒரு மாதிரியைக் குறைந்தது இரண்டு டைல்யூஷனில் ஓட்டுங்கள். ஒவ்வொன்றிலும், ஸ்டாண்டர்டுகளை வைத்து வரையும் வளைவிலிருந்து கிடைக்கும் எண்ணை அதன் டைல்யூஷனால் பெருக்குங்கள். இரண்டு விடையும் ஒன்றுக்கொன்று அருகில் வரவேண்டும். வரவில்லை என்றால் அவை எந்தப் பக்கம் நகர்கின்றன என்று பாருங்கள். நீர்க்க நீர்க்க ஏறுகிறதா, இறங்குகிறதா, அங்குமிங்கும் குதிக்கிறதா என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. ஒரே டைல்யூஷனில் இரண்டு குழி போட்டு அவை ஒத்துப்போனதைக் கண்டு திருப்தி அடைபவர்கள் உண்டு. உங்கள் கை நடுங்கவில்லை என்பதைத்தான் அந்த இரட்டைக் குழி சொல்லும். எண் சரியா என்று அதற்குத் தெரியாது.

எவ்வளவு அருகில் வந்தால் போதும்? மருந்து ஆய்வுக்கான அளவீட்டு முறைகளுக்கு 2022-ல் இறுதியான, பல நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் சேர்ந்த ஐசிஎச்சின் எம்10 வழிகாட்டி, ஒரு மாதிரியின் டைல்யூஷன் வரிசையில் கிடைக்கும் மதிப்புகளின் சிதறல் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. அடுத்தடுத்த இரண்டு டைல்யூஷனுக்கு இடையே 20 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் நான் நின்று யோசிப்பேன். அது என் பழக்கம்.

அறிகுறி: எல்லாக் குழியும் கொதித்துப்போன மஞ்சள், கருவியில் 'ஓவர்'

வெள்ளிக்கிழமை பிளேட்டின் கதை இதுதான். மாதிரியில் இருக்கும் புரதம் வளைவின் உச்சியைத் தாண்டிவிட்டது. இங்கே முதலில் தோன்றும் குறுக்குவழிகள் மூன்று, மூன்றுமே உதவாது. வினையை நிறுத்தி நீலத்தை மஞ்சளாக்கும் ஸ்டாப் கரைசல் ஊற்றிய பிறகு அந்த மஞ்சள் திரவத்தில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீர் கலந்து படிப்பது ஒன்று. நிறம் குறையும். ஆனால் குழியின் அடியில் இருக்கும் ஆன்டிபாடிகள் முன்பே நிரம்பிவிட்டன, அதற்கு மேல் எவ்வளவு புரதம் இருந்தது என்ற செய்தி கழுவிய தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விட்டது. டிஎம்பி நேரத்தைக் குறைப்பது இரண்டாவது. 'ஓடி' (OD, கருவி அளக்கும் நிற அடர்த்தி) கருவியின் எல்லைக்குள் வந்துவிடும், நிரம்பிய வளைவு நிரம்பியபடியே இருக்கும். மூன்றாவது, உச்சி ஸ்டாண்டர்டுக்கு மேலே வளைவை நீட்டி மென்பொருள் தரும் எண்ணை எழுதிக்கொள்வது. மென்பொருள் வரையும் நாலு அளவுரு வளைவு மேலே போகப் போகத் தட்டையாகிறது. தட்டையான இடத்தில் ஓடி 0.05 நகர்ந்தால் அளவு இரண்டு மடங்காகக்கூடும். அந்த எண்ணை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

சரி, எவ்வளவு டைல்யூட் செய்வது? ஊகிக்க வேண்டாம், கணக்குப் போடலாம். ஒரே சீரம் குழாயில் ஆல்புமின் ஒரு மி.லி.க்குச் சுமார் 40 மில்லிகிராம் இருக்கும். அதே குழாயில், உடல் நலமாக இருப்பவருக்கு, ஐஎல்-6 என்ற அழற்சிப் புரதம் சில பிக்கோகிராம்தான். இரண்டுக்கும் இடையே ஆயிரம் கோடி மடங்கு. அதனால் 'சீரத்துக்கு வழக்கமாக இவ்வளவு' என்று ஒரு பொது டைல்யூஷன் கிடையாது, ஒவ்வொரு புரதத்துக்கும் அதன் கணக்கு.

அழற்சி வந்தால் ரத்தத்தில் ஏறும் புரதமான சிஆர்பியை எடுத்துக்கொள்வோம். நம் கிட்டின் வளைவு மி.லி.க்கு 0.78 முதல் 50 நானோகிராம் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். நலமாக இருப்பவருக்கு சிஆர்பி லிட்டருக்கு 3 மில்லிகிராம் என்றால் அது மி.லி.க்கு 3,000 நானோகிராம். மடங்குக் கணக்கில் வளைவின் நடு 6 நானோகிராம் அளவில் விழுகிறது. 3,000-ஐ 6-ஆல் வகுத்தால் 500. ஆக 1:500. இப்போது கடும் தொற்றோடு வந்தவரைப் பாருங்கள், லிட்டருக்கு 150 மில்லிகிராம். அதே 1:500-ல் அவர் 300 நானோகிராமாக நிற்பார், உச்சியைப் போல ஆறு மடங்கு. 1:20,000 போட்டால் 7.5, வளைவின் நடுவே வந்துவிடுகிறார்.

இந்த இரண்டு டைல்யூஷனையும் எல்லா மாதிரிக்கும் போட்டால் என்ன கிடைக்கும் என்று பாருங்கள். 1:500 லிட்டருக்கு 0.39 முதல் 25 மில்லிகிராம் வரை பிடிக்கும். 1:20,000 பிடிப்பது 15.6 முதல் 1,000 வரை. நடுவில் 15.6-க்கும் 25-க்கும் இடையே இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன, இடைவெளி இல்லை. அந்தப் பகுதியில் விழும் மாதிரிகள் இரண்டிலும் எண் தரும். அவை ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதே உங்கள் சோதனை. யார் நோயாளி, யார் நலமானவர் என்று தெரியாமல் குழாய்களைக் கையில் வாங்கும்போது இப்படி ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்வது பிளேட்டையும் காப்பாற்றும், தூக்கத்தையும் காப்பாற்றும்.

பழக்கமே இல்லாத புரதமா? முழு பிளேட்டையும் செலவழிக்க வேண்டாம். இரண்டு மூன்று மாதிரிகளை மட்டும் 1:10, 1:100, 1:1,000, 1:10,000 என்று ஓட்டுங்கள். பிளேட்டின் சில கீற்றுகளோடு வேலை முடிந்துவிடும். பிரித்தெடுக்கும் கீற்றுகளாக கிட் வாங்கச் சொல்லி நான் அடம்பிடிப்பது இதற்காகத்தான்.

அறிகுறி: மாதிரிக் குழிகளில் நிறமே இல்லை

முதலில் ஸ்டாண்டர்டைப் பாருங்கள். அதுவும் வெளுத்திருந்தால் டைல்யூஷனில் குறை தேடாதீர்கள். ஏதாவது ஒரு ஆன்டிபாடி விட்டுப்போயிருக்கும், அல்லது சோடியம் அசைடு கலந்த பஃபர், நிறத்தை உண்டாக்கும் எச்ஆர்பி என்சைமை முடக்கியிருக்கும்.

ஸ்டாண்டர்டு நன்றாக இருந்து மாதிரி மட்டும் வெளிறி இருந்தால் அளவுக்கு மீறி டைல்யூட் செய்திருக்கலாம். இங்கே வரும் ஆபத்து, மென்பொருள் எப்படியும் ஒரு எண்ணைக் கொடுத்துவிடும் என்பதுதான். பிளாங்க் (மாதிரி போடாத குழி) 0.06, உங்கள் மாதிரி 0.08. அந்த 0.02 வித்தியாசம் கழுவும்போது தங்கிய ஒரு துளியாலும் வரும். அதை 1,000-ஆல் பெருக்கினால் பார்க்க மிடுக்கான ஒரு எண் வரும், உள்ளே இருப்பதோ வெறும் இரைச்சல். கடைசி ஸ்டாண்டர்டுக்குக் கீழே விழுந்ததை 'அளவு எல்லைக்குக் கீழே' என்று எழுதிவிட்டு, டைல்யூஷனைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து மறுபடி ஓட்டுங்கள்.

இன்னொரு காரணம், பயோட்டினை இறுகப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டாவிடின் பூசிய தளத்தில் மாதிரியும் பயோட்டின் ஒட்டிய ஆன்டிபாடியும் ஒன்றாகச் சேரும் முறைகளில் வரும். முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் பயோட்டின் மாத்திரைகளை அதிக அளவில் எடுப்பவரின் ரத்தத்தில் உள்ள பயோட்டின் முந்திக்கொண்டு அந்த இடங்களைப் பிடித்துவிடும். புரதத்தை இரண்டு ஆன்டிபாடிகளுக்கு நடுவே பிடிக்கும் சாண்ட்விச் முறையில் விடை பொய்யாகக் குறையும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-ல் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. அப்படிப்பட்ட மாதிரியில் டைல்யூட் செய்யச் செய்ய விடை ஏறும், அது அடுத்த அறிகுறியோடு சேர்ந்துகொள்ளும்.

அறிகுறி: நீர்க்க நீர்க்க, பெருக்கிய விடை ஏறிக்கொண்டே போகிறது

இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இந்த ஒரே அறிகுறிக்குள் முற்றிலும் வேறான நிலைமைகள் ஒளிந்திருக்கின்றன. பெருக்கிய எண்ணை ஓரமாக வைத்துவிட்டு வெறும் ஓடியை எடுத்துப் பாருங்கள். டைல்யூட் செய்யும்போது ஓடியே ஏறுகிறதா, அல்லது ஓடி இறங்குகிறது ஆனால் இறங்கவேண்டிய அளவுக்கு இறங்கவில்லையா?

ஓடியே ஏறினால் அது கொக்கி விளைவு. சாண்ட்விச் முறையில் ஒரு புரதத்தைக் கீழிருந்து ஓர் ஆன்டிபாடியும் மேலிருந்து ஓர் ஆன்டிபாடியும் பிடிக்கவேண்டும். புரதம் வெள்ளமாக வந்தால் கீழ் ஆன்டிபாடி ஒரு மூலக்கூறைப் பிடிக்கும், மேல் ஆன்டிபாடி மிதந்துகொண்டிருக்கும் வேறொன்றைப் பிடிக்கும், நடுவே பாலம் அமையாது. மாதிரியையும் மேல் ஆன்டிபாடியையும் ஒன்றாக ஊற்றும் ஒரே படி முறைகளில் இது அதிகம். இடையில் கழுவும் முறைகளில் குறைவு.

இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டினில் இதைப் பார்க்கலாம். கடும் டெங்கியில் அது ஆயிரக்கணக்கில் ஏறுவது தெரிந்ததே. தீநுண்மி கிளப்பிவிடும் அழற்சி கைமீறிப் போகும்போது மி.லி.க்கு 10,000 நானோகிராமையும் தாண்டும். 2020-ல் மட்டும் 35,000-க்கும் அதிகமான டெங்கிச் சம்பவங்களைப் பார்த்த ஊர் இது, இப்படிப்பட்ட மாதிரி நம் கைக்கு வராது என்று யாரும் இருக்க முடியாது. ஒரு மாதிரியில் உண்மையில் 40,000 இருக்கிறது, நம் வளைவின் உச்சி 100 என்று வைத்துக்கொள்வோம். 1:10-ல் ஓடி 1.1 வருகிறது. வளைவில் அது 26, பெருக்கினால் 260. நலமான ஓர் ஆணுக்கு வரக்கூடிய எண்! கருவி எந்த எச்சரிக்கையும் தராது. 1:100-ல் ஓடி 2.6-க்கு ஏறி உச்சியைத் தாண்டுகிறது. 1:1,000-ல் 1.5, வளைவில் 40, பெருக்கினால் 40,000. 1:10,000-ல் 0.2, வளைவில் 4, மறுபடி 40,000. முதல் எண்ணோடு நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் வயிற்றைப் பிசையும், ஏனென்றால் அந்த 260-ல் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை.

ஓடி ஒழுங்காக இறங்குகிறது, ஆனால் மெதுவாக இறங்குகிறது என்றால் அது மாதிரியின் மற்றச் சரக்குகள் குறுக்கிடுவது. சீரத்தில் நம் புரதம் மட்டும் இல்லை. அதைக் கட்டிப்பிடித்திருக்கும் வேறு புரதங்கள், கொழுப்பு, உடைந்த சிவப்பணுக்களின் ஹீமோகுளோபின், நோயாளியின் சொந்த ஆன்டிபாடிகள் எல்லாம் உள்ளன. அடர்த்தியாக இருக்கும்போது இவை நம் புரதத்தை மறைக்கும். நீர்த்தால் பிடி தளரும். எண்களில் இப்படி இருக்கும்: 1:2-ல் வளைவு 40 தருகிறது, பெருக்கினால் 80. 1:4-ல் 28, அதாவது 112. 1:8-ல் 17, அது 136. 1:16-ல் 8.7, அது 139. 1:32-ல் 4.4, அது 141. எங்கே ஏற்றம் நின்றது? 1:8-ல். அதிலிருந்து வரும் மூன்று எண்களும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஆக இந்த வகை மாதிரிக்கு 1:8-க்குக் குறைவாக எப்போதும் போடக்கூடாது. குறைந்தபட்ச டைல்யூஷன் என்று சொல்வது இதைத்தான். நான் 1:10 என்று வைத்துக்கொள்வேன், கணக்கும் சுலபம்.

ஒரே மாதிரியை வைத்து இதை முடிவுசெய்யாதீர்கள். நாலைந்து வேறு வேறு ஆட்களின் சீரத்தில் பாருங்கள். கொழுப்பால் பால்போல வெளுத்த ஒன்றும், லேசாகச் சிவந்த ஒன்றும் அதில் இருக்கட்டும். தேக்காவில் நெய்ரோஸ்ட் சாப்பிட்டுவிட்டு நேரே ரத்தம் கொடுக்க வந்தவரின் சீரத்தை மேசை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் குழாய்க்குப் பின்னால் இருக்கும் எழுத்து தெரியாது. அந்தக் குழாய்க்கும் சேர்த்துப் பொருந்தும் டைல்யூஷன்தான் வேண்டும்.

சந்தேகம் தீரவில்லை என்றால் தெரிந்த அளவு ஸ்டாண்டர்டை மாதிரிக்குள் ஊற்றி எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பாருங்கள். 100 ஊற்றி 80-லிருந்து 120-க்குள் திரும்ப வந்தால் பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள். 1:2-ல் 55 வந்து, 1:10-ல் 95 வந்தால், குறுக்கீடு இருந்தது, 1:10-ல் தீர்ந்தது என்று அர்த்தம்.

இன்னும் ஒரு காரணம் உண்டு, மிகச் சாதாரணமானது. தொடர்ச்சியாக டைல்யூட் செய்யும்போது ஒரே பிப்பெட் டிப்பை முதல் குழாயிலிருந்து கடைசி வரை கொண்டுபோனால், அதன் உள்சுவரிலும் வெளிச்சுவரிலும் ஒட்டிய அடர்ந்த மாதிரி கீழே கீழே போய்ச் சேரும். விடை ஏறும். ஒவ்வொரு குழாய்க்கும் புது டிப்.

அறிகுறி: நீர்க்க நீர்க்க, பெருக்கிய விடை இறங்குகிறது

முதலில் டைல்யூட் செய்யும் திரவத்தைச் சந்தேகப்படுங்கள். வெறும் பிபிஎஸ் உப்புக் கரைசலில் கலந்தீர்களா? பிக்கோகிராம் அளவில் இருக்கும் புரதம் பிளாஸ்டிக் குழாயின் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். குழாயில் புரதம் குறையக் குறைய, ஒட்டிப் போகும் பங்கு பெரிதாகும். கூடவே 1 சதவீதம் பிஎஸ்ஏவும் (மாட்டு ஆல்புமின்) 0.05 சதவீதம் ட்வீன்-20-யும் (சோப்புபோன்ற பொருள்) சேர்த்தால் சுவரை அவை பூசிவிடும். டைல்யூட் செய்த குழாய்களை மதியச் சாப்பாட்டுக்குப் போய்வரும் வரை அப்படியே விட்டுவைப்பதும் இதே இழப்பைக் கூட்டும்.

இரண்டாவது, அடர்ந்த நிலையில் வந்த நிறமே பொய்யாக இருக்கலாம். சிலரின் ரத்தத்தில் எலி, ஆடு, முயல் ஆன்டிபாடிகளை ஒட்டும் ஆன்டிபாடிகள் இருக்கும். முடக்குவாதக் காரணி (rheumatoid factor) என்ற ஆன்டிபாடியும் இப்படிச் செய்யும். நம் புரதம் இல்லாமலேயே இவை கீழ் ஆன்டிபாடிக்கும் மேல் ஆன்டிபாடிக்கும் இடையே பாலம் போட்டுவிடும். நீர்த்தால் அந்தப் பாலம் சீக்கிரம் உடைந்து விடை சரியும். ஒரு குழுவில் ஒரே ஒருவருக்கு மட்டும் விடை இப்படி வழுக்கி இறங்கினால் எனக்கு முதலில் இதுதான் நினைவுக்கு வரும். எலி இம்யூனோகுளோபுலின் (எலியின் ஆன்டிபாடி) கலந்த தடுப்புக் கரைசலில் அந்த ஒரு மாதிரியை மறுபடி ஓட்டிப் பாருங்கள். விடை கீழே விழுந்தால் குற்றவாளி கிடைத்தாயிற்று.

மூன்றாவது, கடைசி ஒன்றிரண்டு டைல்யூஷன் மட்டும் இறங்கினால் அவை வளைவின் அடிவாலில் விழுந்திருக்கும். அவற்றைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள், அவ்வளவுதான்.

அறிகுறி: விடைகள் அங்குமிங்கும் குதிக்கின்றன

ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, 90, 160, 110, 70 என்று வருகிறது. இது கையின் வேலை, அல்லது குழாயின் வேலை.

உறைகுளிரிலிருந்து எடுத்து உருகிய சீரத்தை ஒருமுறை கண்ணருகே வைத்துப் பாருங்கள். மேலே தண்ணீர்போலத் தெளிவாக இருக்கும், கீழே தேன் நிறத்தில் அடர்ந்து நிற்கும். உருகும்போது உப்பும் புரதமும் கீழே இறங்கிவிடுகின்றன. மேலிருந்து 10 மைக்ரோலிட்டர் எடுப்பவருக்கு ஒரு விடை, அடியிலிருந்து எடுப்பவருக்கு வேறு விடை. நுரை வராமல் பத்துமுறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலந்துவிட்டு எடுங்கள். ரத்தம் உறையும்போது உருவாகும் ஃபைப்ரின் நூல்கள் மிதந்தால் சில நிமிடம் மையவிலக்கியில் சுழற்றி அவற்றை அடியில் இறக்குங்கள், டிப்பின் வாயை அடைப்பவை அவைதான்.

அடுத்தது பிப்பெட். 1:500 வேண்டும் என்று 2 மைக்ரோலிட்டரை 998-ல் விடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். டிப்பின் வெளியே ஒட்டிய அரை மைக்ரோலிட்டர் போதும், விடை 25 சதவீதம் நகர்ந்துவிடும். இரண்டு படியாகச் செய்யுங்கள். 10 மைக்ரோலிட்டரை 490-ல் விட்டால் 1:50. நன்றாகக் கலந்து அதில் 50 எடுத்து 450-ல் விட்டால் 1:500. அதிலிருந்து 25 எடுத்து 975-ல் விட்டால் 1:20,000. 10 மைக்ரோலிட்டருக்குக் கீழே எடுப்பதை நான் எங்கள் ஆய்வகத்தில் அனுமதிப்பதில்லை. சீரம் பிசுபிசுப்பானது, டிப்பை ஒருமுறை அதிலேயே நனைத்துவிட்டு எடுங்கள். வெளிச்சுவரைக் குழாயின் விளிம்பில் தொட்டுத் துடையுங்கள்.

அறிகுறி: எல்லா விடையும் ஒரே மடங்கில் தவறு

இது எழுத்துப்பிழை, பெரும்பாலும். 1:10 என்றால் மொத்தம் பத்துப் பங்கில் ஒரு பங்கு மாதிரி, அதாவது 1 பங்கோடு 9 பங்கு. இதை 1-உம் 10-உம் என்று கலந்தால் சுமார் 9 சதவீதம் குறையும். 1:10-ல் அது உறுத்தாது. 1:2-ஐ 1-உம் 2-உம் என்று கலந்தால் விடை மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும். நோட்டில் '1+9' என்று எழுதிவிடுங்கள், யாருக்கும் குழப்பம் வராது.

டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதத்தை அளப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உறங்கும் நிலையில் இருப்பதை எழுப்ப அமிலம் ஊற்றிப் பின் காரம் ஊற்றுவோம். 100 மைக்ரோலிட்டர் மாதிரிக்கு 20 அமிலம், 20 காரம் என்றால் அங்கேயே 1.4 மடங்கு டைல்யூட் ஆகிவிட்டது. பெருக்கும்போது அந்த 1.4-ஐ மறந்தால் எல்லா விடையும் ஒரே அளவில் குறையும். செல் வளர்க்க ஊற்றும் கன்றுக்குட்டிச் சீரத்திலும் இந்தப் புரதம் உண்டு. செல்லே இல்லாத வெறும் ஊடகத்தை ஒரு மாதிரியாக வைத்து ஓட்டி அதைக் கழிக்கவேண்டும்.

அறிகுறி: டைல்யூஷன் ஏற ஏற நிறம் கூடுகிறது, ஆனால் இது சாண்ட்விச் இல்லை

போட்டி முறையிலும் தடுப்பு முறையிலும் அப்படித்தான் வரவேண்டும். அங்கே மாதிரியில் பொருள் அதிகம் என்றால் நிறம் குறைவு. 2020-ல் இங்கே டியூக்-என்யுஎஸ்ஸில் உருவான சிபாஸ் சோதனை இப்படிப்பட்டது: கொரோனா தீநுண்மியின் ஒட்டும் பகுதி மனித ஏசிஇ2 ஏற்பியைப் பிடிப்பதை நோயாளியின் ஆன்டிபாடி எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்கிறது, சீரத்தை 1:10-ல் போட்டு. சாண்ட்விச்சுக்கு எழுதிய எக்செல் தாளில் இந்த எண்களைக் கொட்டினால் எல்லாம் தலைகீழாகத் தெரியும். பயப்பட ஒன்றும் இல்லை.

அறிகுறி: போன வாரம் சரியாக இருந்த டைல்யூஷன் இன்று சரியில்லை

மாதிரி வகை மாறியதா என்று கேளுங்கள். சீரத்துக்குப் பதில், உறையவிடாத ரத்தத்திலிருந்து எடுக்கும் பிளாஸ்மா வந்திருக்கலாம். பிடிஎன்எஃப், விஇஜிஎஃப் போன்ற வளர்ச்சிப் புரதங்கள் ரத்தம் உறையும்போது தட்டணுக்களிலிருந்து கொட்டுவதால் சீரத்தில் அதிகமாகவும் பிளாஸ்மாவில் குறைவாகவும் இருக்கும். ஃபைப்ரினோஜென் சீரத்தில் கிட்டத்தட்ட இருக்கவே இருக்காது, உறைந்து கட்டியாகிப் போயிருக்கும். சீரத்துக்குக் கண்டுபிடித்த டைல்யூஷனைக் கேள்வி கேட்காமல் பிளாஸ்மாவுக்கு எடுத்துப்போகாதீர்கள்.

அப்புறம் நம் ஊர்க் காற்று. 4 டிகிரிப் பெட்டியிலிருந்து எடுத்த அலுமினியப் பையை உடனே பிரித்தால் சில்லென்ற கீற்றுகள்மேல் ஈரம் பனிபோலப் பூக்கும், குழிகளுக்குள்ளும் இறங்கும். பையை மூடியபடியே அரைமணி நேரம் மேசையில் வைத்துவிட்டுப் பிரியுங்கள். டைல்யூட் செய்யும் திரவமும் அறை வெப்பத்துக்கு வரட்டும்.

அறிகுறி: இரண்டு டைல்யூஷனும் அழகாக ஒத்துப்போகின்றன, ஆனால் எண் நம்பும்படி இல்லை

என் ஒரே விதிக்கும் எல்லை உண்டு, அது இங்கே. ஸ்டாண்டர்டு தூளை 1 மி.லி.யில் கரைக்கச் சொன்னதை அரை மி.லி.யில் கரைத்திருந்தால் வளைவே மாறிவிடும். எல்லா டைல்யூஷனும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும், எல்லாம் ஒன்றுபோலத் தவறாக இருக்கும். பிக்கோகிராமையும் நானோகிராமையும் மாற்றி எழுதினாலும் அப்படித்தான். ஆன்டிபாடி வேறொரு உறவுப் புரதத்தையும் சேர்த்துப் பிடித்தாலும் டைல்யூஷன் அதைக் காட்டிக்கொடுக்காது. இதைப் பிடிக்க அளவு தெரிந்த ஒரு கட்டுப்பாட்டு மாதிரி ஒவ்வொரு பிளேட்டிலும் வேண்டும். அதைச் சின்னச் சின்னக் குழாய்களாகப் பிரித்து மைனஸ் 80-ல் வைத்து, ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றை எடுத்து, மாதிரிகளை டைல்யூட் செய்யும் அதே கையால், அதே திரவத்தில், அதே படிகளில் டைல்யூட் செய்யுங்கள். அந்த வெள்ளிக்கிழமை பிளேட்டை நாங்கள் திங்கட்கிழமை மறுபடி ஓட்டியபோது தம்பி முதலில் எடுத்தது அந்தக் கட்டுப்பாட்டுக் குழாயைத்தான். அது தன் எல்லைக்குள் வந்த பிறகே மற்ற எண்களைப் பார்த்தோம். முதல் நோயாளி 1:500-ல் உச்சியைத் தாண்டினார், 1:20,000-ல் சிஆர்பி லிட்டருக்கு 148 மில்லிகிராம் வந்தது. அவருக்கு மட்டும் 1:10,000-லும் ஒரு குழி போட்டிருந்தோம், அதில் 153.